கேட்டில் நிற்பவர் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மார்ச் 4-ம் தேதி தேசிய பாதுகாப்பு தினம். 1966-ல் அதே தேதியில் தேசிய பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டதை ஒட்டி, அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலைகளில் விழாதான். கேட்டுக்கு மேலே பேனர், காலை ஷிப்டில் உறுதிமொழி, மதியம் தீயணைப்பு செயல்விளக்கம், மாலையில் பரிசளிப்பு. காவலர்களை அனுப்பிவைக்கும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களும் இந்த வாரத்தை விடுவதில்லை. ‘சிறந்த காவலர்’ என்று ஒருவரை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தி, சான்றிதழும் ஒரு கவரும் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் நிறுவனத்தின் மாதச் செய்தி மடலில் வரும். அதற்கு முன்பே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். பக்கத்திலேயே பிறந்தநாள் வாழ்த்துகள், சூப்பர்வைசராகப் பதவி உயர்ந்தவரின் பெயர், ஒரு காவலரின் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய செய்தி.

இதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நாள் முழுக்க “ஹலோ செக்யூரிட்டி”, “வாட்ச்மேன்”, “தாத்தா” என்று மட்டுமே கூப்பிடப்படுகிற ஒருவரின் முழுப்பெயர், இனிஷியலோடு, அச்சில் வருகிறது. அந்தப் படம் அன்று இரவே அஸ்ஸாமுக்கோ ஒடிசாவுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால், விருது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று படத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரியைப் படித்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கும். பார்க்கிங்கில் கிடந்த பர்ஸை உரியவரிடம் ஒப்படைத்தார். வாஷ்பேசின் மேல் யாரோ மறந்துவைத்த தங்கச் சங்கிலியை அலுவலகத்தில் கொடுத்தார். நல்ல மனசு, பாராட்ட வேண்டியதுதான். என்றாலும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் உறுத்துகிறது. பாதுகாப்புக்காக வைத்த ஆள் திருடவில்லை என்பதை ஒரு செய்தியாக்கிக் கொண்டாடுகிறோம். அதே கட்டடத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒயர் கருகும் வாசனையை மோப்பம் பிடித்து, மெயின் ஸ்விட்சை அணைத்து, எலக்ட்ரீஷியனை எழுப்பியவருக்குச் சான்றிதழ் கிடையாது. தீ பிடிக்கவில்லை, அதனால் சம்பவமே இல்லை. தூக்கத்தைக் கெடுத்ததற்காக அவர் திட்டு வாங்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

காவலரின் வேலை பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும். அவர் சொன்னதைக் காதில் வாங்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதில்தான் மொத்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்த வேலையில் இருப்பதாகத் தொழில் அமைப்புகள் சொல்கின்றன. அத்தனை ஜோடிக் கண்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, அவை பார்த்ததைக் கேட்காமல் விடுகிறோம்.

கதவில் ஒட்டிய டேப்

உலகத்திலேயே அதிக விளைவை உண்டாக்கிய காவலர் குறிப்பு எது என்று கேட்டால், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஒரு பதிவேட்டுப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். 1972 ஜூன் 17, வாஷிங்டன் நகரம், வாட்டர்கேட் அலுவலகக் கட்டடம். இரவுப் பணியில் இருந்தவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயது கறுப்பின இளைஞர். வாரச் சம்பளம் 80 டாலர்.

நள்ளிரவு தாண்டிச் சுற்று வரும்போது, வாகன நிறுத்தத்திலிருந்து படிக்கட்டுக்குப் போகும் கதவில், பூட்டின் நாக்கு வெளியே வராதபடி டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். துப்புரவுப் பணியாளர்கள் வசதிக்காக ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்து அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார். மறுபடி வந்தபோது அதே இடத்தில் புதிதாக டேப். இந்த முறை அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போலீஸுக்கு போன் செய்தார், பதிவேட்டிலும் எழுதினார். நேரம் 1.47. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, இலக்கணம் சரியில்லை. ஆனால் நேரம், இடம், பார்த்தது, செய்தது என்று வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

போலீஸ் வந்தது. ஆறாவது மாடியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். இழுத்த நூல் வெள்ளை மாளிகை வரை போனது. 1974 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் நிக்சன் பதவி விலகினார்.

அதன்பின் வில்ஸுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்ச நாள் பேட்டி, மேடை, பாராட்டு. 1976-ல் வாட்டர்கேட் பற்றி வந்த ஹாலிவுட் படத்தில் அவராகவே ஒரு காட்சியில் நடித்தார். பிறகு நிலையான வேலை அமையவில்லை. 1983-ல் ஒரு ஜோடி ஷூ திருடியதாகத் தண்டனை பெற்றார். வறுமையில் வாழ்ந்து, 2000-ல் 52 வயதில் மூளைக்கட்டியால் இறந்துபோனார். ஓர் அதிபரின் ஆட்சியை அசைத்த கவனத்துக்குக் கைதட்டல் தாராளமாகக் கிடைத்தது. மேல்பயிற்சி, பதவி உயர்வு, ஓய்வூதியம் போன்றவைதான் கிடைக்கவில்லை.

சட்டைப்பையில் ஒரு நோட்டு

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. தொழிலில் உள்ளவர்கள் ‘பசாரா’ என்று சொல்வது இதைத்தான். லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்த முடியாது. காவலர் 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். போலீஸ், ராணுவ உடையைப் போலத் தோன்றும் சீருடை போட்டால் காவலருக்கும் முதலாளிக்கும் தண்டனை உண்டு.

2006-ல் வந்த மத்திய மாதிரி விதிகளைப் படித்தால், எழுதியவர்கள் வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள் என்று புரிகிறது. வகுப்பறையில் குறைந்தது 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி. அதுவும் குறைந்தது 20 வேலை நாட்களில். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் சுருக்கமான பயிற்சி போதும். பாடங்களில் தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாள அட்டைகளைச் சரிபார்த்தல், போலீஸில் புகார் பதிவு செய்யும் முறை, தற்காப்பு உரிமை எல்லாம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை. பதினைந்து காவலருக்கு மேல் ஒரே சூப்பர்வைசர் கூடாது. ஆட்கள் பல இடங்களில் பிரிந்து கிடந்தால் ஆறு பேருக்கு ஒருவராவது வேண்டும். சீருடை பற்றிய விதி இன்னும் நுணுக்கமானது. கயிற்றோடு கூடிய விசில் இடது பையில். லேஸ் வைத்த ஷூ. குனிய நிமிர இடைஞ்சல் இல்லாதபடி, இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் உடை. கூடவே, ஒவ்வொரு காவலரும் ஒரு நோட்டும் எழுதுகோலும் வைத்திருக்க வேண்டும்.

நடைமுறை எப்படி இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர், மறுநாளே யாரோ கழற்றிக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு ‘சைட்’டுக்குப் போகிறார். “இந்தக் கேட்டைப் பார்த்துக்கோ, யாரு வந்தாலும் சார்கிட்ட கேட்டுட்டு விடு” என்பதுதான் மொத்தப் பயிற்சியும். 160 மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

நோட்டு மட்டும் எல்லா கேட்டிலும் இருக்கிறது. நீளவாக்கில் கோடு போட்ட பெரிய ரிஜிஸ்டர். அட்டை கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, நூல் கட்டிய பேனாவோடு. வண்டி எண், பெயர், எந்த வீடு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையெழுத்து. உணவு டெலிவரிக்கு வரும் பையன்கள் அவசரத்தில் கிறுக்கிவிட்டு ஓடுகிறார்கள். போன் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருக்கும். இது வருகைப் பதிவேடு. இதற்கு அடியில், பல இடங்களில் இன்னொரு நோட்டு கிடக்கும். ஷிப்டு மாறும்போது ஒருவர் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பு மாற்றப் பதிவேடு. சாவி எத்தனை, டார்ச் எத்தனை, வாக்கி-டாக்கியில் சார்ஜ் இருக்கிறதா என்ற வரிசை. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். பின்பக்கச் சுவரோரம் தெருவிளக்கு எரியவில்லை, பி பிளாக் மாடிப்படியில் பழைய சோபாவைப் போட்டு வழியை அடைத்திருக்கிறார்கள், ஜெனரேட்டர் அறையில் டீசல் வாடை என்று எழுத வேண்டிய இடம் அதுதான்.

எந்தக் குடியிருப்பிலும் அந்தக் கட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் “ஓகே”. முதல் மாதம் கொஞ்சம் எழுதியிருப்பார்கள். யாரும் படிக்கவில்லை, எதுவும் மாறவில்லை என்று தெரிந்ததும் எழுத்து நின்றுபோய் “ஓகே” மட்டும் மிஞ்சியிருக்கும். காவலருக்கு அக்கறை இல்லை என்று சங்கச் செயலாளர் குறைபட்டுக்கொள்வார். அக்கறையோடு எழுதியவரை எழுத விடாமல் செய்தது அந்த மௌனம்தான்.

பார்த்தார்கள், சொல்ல முடியவில்லை

2017 மே 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரீனாவில் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். தற்கொலைத் தாக்குதலில் 22 பேர் கொல்லப்பட்டார்கள். பலர் சிறுவர் சிறுமியர். சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையில் நடந்த பொது விசாரணை, அரங்கின் பாதுகாப்பு பற்றிய அறிக்கையை 2021 ஜூனில் வெளியிட்டது. அதில் நெஞ்சை அடைக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

குண்டு வெடிப்பதற்கு ஏறக்குறைய கால் மணி நேரம் முன்பே, பெரிய முதுகுப்பையுடன் உட்கார்ந்திருந்த ஒருவனைப் பற்றி, மகளை அழைத்துப் போக வந்த ஒரு தந்தை அங்கிருந்த இளம் ஊழியரிடம் சொன்னார். அந்த ஊழியர் நின்ற இடத்தை விட்டு நகர முடியாத நிலை. தாமதமாகத் தகவல் 18 வயதுக் காவலர் ஒருவருக்குப் போனது. அவரும் அவனைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்கும் பட்டது. வாக்கியில் கட்டுப்பாட்டு அறையைப் பிடிக்க முயன்றார், கிடைக்கவில்லை. நேரே போய்க் கேட்கலாமா என்றால், தவறாக இருந்துவிட்டால் இனவெறியன் என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம். அவர் அங்கிருந்து நகர்ந்தார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பையன்களைக் குற்றம் சொல்வது எளிது. 18, 19 வயதில், குறைந்த சம்பளத்தில், “உனக்குச் சந்தேகம் வந்தால் நீ சொல்லலாம், தவறாக இருந்தாலும் உன்மேல் நடவடிக்கை இல்லை” என்று யாரும் உறுதி கொடுக்காத இடத்தில் நின்றவர்கள் அவர்கள். கண் வேலை செய்தது. கண்ணுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த வழிதான் அடைபட்டிருந்தது. அந்தத் தாக்குதலில் இறந்த மார்ட்டின் ஹெட் என்ற இளைஞரின் தாய் ஃபிகன் முர்ரே ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக, 2025 ஏப்ரலில் பிரிட்டனில் ‘மார்ட்டின் சட்டம்’ நிறைவேறியது. 200 பேர் அல்லது அதற்கு மேல் கூடும் பொது இடங்களுக்கு, தாக்குதல் நேர்ந்தால் என்ன செய்வது என்ற நடைமுறை இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நாளில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

கல்கத்தாவின் தாகுரியாவில் 2011 டிசம்பர் 9 அன்று அதிகாலை நடந்தது மான்செஸ்டர் சம்பவத்துக்கு மறுபக்கம். ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ. எரியக்கூடிய பொருள்களை அங்கே குவித்திருந்தார்கள். புகை ஏ.சி. குழாய்கள் வழியாக மேல்மாடி வார்டுகளுக்கு ஏறியது. படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாத நோயாளிகள் உட்பட 90-க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள்தான் முதலில் புகையைப் பார்த்து ஓடிவந்தவர்கள். கேட்டில் இருந்த காவலர்கள் அவர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள் என்று அந்த மக்களே பத்திரிகைகளிடம் சொன்னார்கள்.

‘வெளியாளை உள்ளே விடாதே’ என்பது காவலருக்கு நாம் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். தீ என்றால் அந்தப் பாடம் தலைகீழாகிவிடும் என்பதை யாராவது சொல்லிக்கொடுத்தோமா? நிர்வாகத்தைக் கேட்காமல் தீயணைப்புத் துறைக்கு போன் செய்யக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு போட்ட இடங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பெயர் கெட்டுவிடுமாம். எந்தக் காவலருக்கும் 101-ஐயோ 112-ஐயோ அழைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை என்று கேட்டிலேயே எழுதி ஒட்ட வேண்டும். அதில் நிர்வாகியின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தவர் யார்?

ஒத்திகை என்ற சொல்லைக் கேட்டாலே ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள். மார்கன் ஸ்டான்லி நிறுவனத்திலும் அப்படித்தான் இருந்தது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் அந்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் ரிக் ரெஸ்கார்லா, வியட்நாம் போரில் பங்கேற்றவர். 1993-ல் அந்த மையத்தில் குண்டு வெடித்த பிறகு அவர் விடாப்பிடியாக ஒத்திகை நடத்த ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோடிக்கணக்கில் பங்கு வியாபாரம் செய்துகொண்டிருப்பவர்களை எழுப்பி, இரண்டிரண்டு பேராகப் படியில் இறங்க வைப்பார். 2001 செப்டம்பர் 11 காலை 8.46-க்கு வடக்குக் கோபுரம் தாக்கப்பட்டது. தெற்குக் கோபுரத்தில் இருப்பவர்கள் அங்கேயே இருக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ரெஸ்கார்லா அதைக் கேட்கவில்லை. கையில் ஒலிபெருக்கியோடு எல்லோரையும் படியில் இறக்கினார். சுமார் 2,700 ஊழியர்களில் அன்று இறந்தவர்கள் அவரையும் சேர்த்து 13 பேர். யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று பார்க்க மேலே ஏறியவர் திரும்பவில்லை.

நம் ஊர் ஒத்திகையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். தீயணைப்புக் கருவியை இயக்கிக் காட்டுபவர் கம்பெனி ஆபீஸர். காவலர்கள் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். பின்னைப் பிடுங்கு, நெருப்பின் அடியைக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு என்ற நான்கு அடிகளையும் வாயால் ஒப்பிப்பார்கள். ஆனால் ஆறு கிலோ பவுடர் சிலிண்டரைத் தூக்கினால் இரும்போடு சேர்த்து எவ்வளவு கனக்கும், பின்னில் சுற்றிய பிளாஸ்டிக் சீலைப் பிய்க்க எவ்வளவு இழுக்க வேண்டும், பவுடர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதெல்லாம் கையால் செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். இரவு மூன்று மணிக்குத் தனியாக நிற்கப்போவது கைதட்டியவர்தான். அன்றைக்குச் சிலிண்டர் அவர் கைக்குத்தான் போயிருக்க வேண்டும். மின்கசிவுத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டும், அவசர வழிக்குப் பூட்டு போட்டிருந்தால் அன்றே எழுத வேண்டும் என்ற மூன்று பழக்கங்கள் ஒரு காவலருக்குப் படிந்துவிட்டாலே அந்தக் கட்டடத்தின் ஆபத்து பாதி குறைந்துவிடும்.

பல தொழிற்சாலைகளில் ‘நியர் மிஸ்’ சீட்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். விபத்து நடக்கவில்லை, ஆனால் மயிரிழையில் தப்பியது என்றால் அதை எழுதிப் பெட்டியில் போடலாம். நல்ல சீட்டுக்குப் பரிசும் உண்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் ஒப்பந்தக் காவலர்கள் பெரும்பாலும் இந்தத் திட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள், அவர்கள் ‘கம்பெனி ரோல்’ இல்லையாம். கட்டடம் முழுக்க மூன்று ஷிப்டும் சுற்றி வருபவரைவிட அதிகம் பார்த்தவர் அங்கே யார்? சில இடங்களில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று பலகை வைத்து, எண்ணிக்கை கூடினால் எல்லோருக்கும் பரிசு என்கிறார்கள். இதில் வேறொரு வில்லங்கம். சின்னக் காயத்தை மறைக்கும் பழக்கம் வளர்ந்துவிடுகிறது. சொன்னவர் அத்தனை பேரின் பரிசையும் கெடுத்தவராகிறார்.

காவலுக்கு யார் காவல்?

நீலகிரி கொடநாடு எஸ்டேட்டில் 2017 ஏப்ரல் 23 இரவு நடந்த கொள்ளைச் சம்பவத்தைத் தமிழ்நாட்டில் அறியாதவர் கிடையாது. அரசியல் மேடைகளில் அது பேசப்படாத தேர்தல் இல்லை. அங்கே காவலில் இருந்து கொல்லப்பட்டவர் பெயர் ஓம் பகதூர் என்பது எத்தனை பேருக்கு உடனே நினைவுக்கு வரும்? இன்னொரு காவலர் காயத்தோடு பிழைத்தார். மலைப்பிரதேசத்தில், பரந்த தோட்டத்தில், இரவில் நின்றவர்கள்.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலில் ஒப்பந்தக் காவலராக இருந்த அஜித்குமாருக்கு நேர்ந்தது வேறு மாதிரியான கொடுமை. கோயிலுக்கு வந்தவர்கள் காரை நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். பிறகு காரில் இருந்த நகையைக் காணோம் என்று புகார். விசாரணைக்குக் கொண்டுபோன தனிப்படை போலீஸாரின் பிடியில் அவர் உயிரிழந்தார். போலீஸார் கைதானார்கள், உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி எழுப்பியது, வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது.

சட்டத்தின் முன் அது கொலை வழக்கு. பாதுகாப்பு நிறுவனங்கள் அதில் படிக்க வேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது. காவலர் கையில் நாம் எதையெல்லாம் திணிக்கிறோம்! கார் சாவி, வீட்டுச் சாவி, கொரியர் பார்சல், ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும் குழந்தை, மாத்திரை வாங்க ஐந்நூறு ரூபாய். ‘அண்ணே, கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். எதுவும் நோட்டில் ஏறாது. ஏதாவது தொலைந்தால் முதல் சந்தேகம் அவர்மேல். எந்த வேலை செய்யலாம், எதைக் கையில் வாங்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்த பணி உத்தரவு, வாங்கினால் யார் முன்னிலையில் எழுத வேண்டும் என்ற வழக்கம், புகார் வந்தால் ஏஜென்சியின் ஆள் உடனே கூட வந்து நிற்பார் என்ற உறுதி ஆகிய மூன்றும் காவலரின் தலைக்கவசம் மாதிரி. காவலருக்கு போலீஸ் அதிகாரம் கிடையாது என்பதையும் அவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவரைப் பிடிக்கச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள உரிமைதான் அவருக்கும். பிடித்தால் தாமதமில்லாமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ கட்டிவைக்கவோ உரிமை இல்லை.

பிறகு, உடம்பு. பெரும்பாலான சைட்டுகளில் ஷிப்டு என்றால் 12 மணி நேரம். மாற்று ஆள், அதாவது ‘ரிலீவர்’, வரவில்லை என்றால் 24. ‘டபுள் டூட்டி’ பார்த்தால்தான் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சும் என்பதால் அவர்களே கேட்டு வாங்குவதும் உண்டு. தூங்கி வழியும் காவலரைப் படம் பிடித்துக் குடியிருப்பு குரூப்பில் போடுபவர்கள், அவர் எப்போது தூங்கப்போனார் என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுப் போடட்டும்.

துணிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. மாற்றம் மெல்ல வருகிறது. அதே கடை வாசலில் நிற்கும் காவலர் ஏஜென்சி ஆள், கடை ஆள் இல்லை என்று சொல்லி நகர்ந்துகொள்வது முதலாளிக்குச் சுலபமாக இருக்கிறது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு அறிவித்தது. மே மாத மதியம் திறந்தவெளி பார்க்கிங்கில் தொப்பியும் ஷூவுமாக நிற்பவருக்கு நிழல், தண்ணீர், இரண்டு மணிக்கொரு முறை இடமாற்றம் ஆகியவை அந்த அறிவிப்பின் நேரடிப் பொருள். பெண் காவலர்களுக்குக் கழிப்பறை தனிப் பிரச்சினை. போக இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் ஷிப்டை ஓட்டுகிறார்கள்.

கொட்டேஷனில் இருக்கிறது சூட்சுமம்

எல்லாம் கடைசியில் பணத்தில் வந்து நிற்கும். குடியிருப்புச் சங்கமோ கம்பெனியோ மூன்று ஏஜென்சியிடம் கொட்டேஷன் வாங்கி, எது குறைவோ அதற்குக் கொடுக்கும். ஒரு காவலருக்கு இவ்வளவு என்று வரும் தொகைக்குள்தான் குறைந்தபட்ச ஊதியம், கூடுதல் நேரச் சம்பளம், வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.-யில் 3.25 சதவீதம், வார விடுமுறைக்கு மாற்று ஆள், சீருடை, பயிற்சி, ஏஜென்சியின் லாபம் அத்தனையும் அடங்க வேண்டும். சட்டப்படியான தொகையைக் கூட்டிப் பார்த்தாலே அதைவிடக் குறைவான கொட்டேஷன் வர வாய்ப்பில்லை. வருகிறது என்றால் ஏதோ ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். முதலில் வெட்டப்படுவது பயிற்சி, அடுத்தது ரிலீவர்.

நேர்மையாக நடத்தும் ஏஜென்சிகள் இந்தப் போட்டியில் தோற்றுப்போகின்றன. ஊழியருக்குப் பரிசு கொடுப்பதும் செய்தி மடல் போடுவதும் நல்ல நிறுவனத்தின் அடையாளம்தான். அதே மடலில் இந்த மாதம் காவலர்கள் என்னென்ன ஆபத்துகளை எழுதினார்கள், அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன, எவை நிற்கின்றன என்று ஒரு பக்கம் ஒதுக்கலாம். எழுதியவர் பெயர், சைட் பெயர், சரிசெய்த தேதி. ‘குறிப்பு’ கட்டத்துக்குப் பக்கத்தில் ‘நடவடிக்கை’ என்று இன்னொரு கட்டம் போட்டு, சூப்பர்வைசர் 24 மணி நேரத்துக்குள் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தால் “ஓகே” தானாகக் குறையும். ஆண்டு ஊதிய உயர்வில் இந்தக் குறிப்புகளுக்கு இடம் கொடுத்தால் இன்னும் குறையும்.

வாடிக்கையாளரின் பங்கும் இருக்கிறது. ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர்தான் கொடுக்க வேண்டும் என்பது தொழிலாளர் சட்டங்களில் பல பத்தாண்டுகளாக உள்ள ஏற்பாடு. ஆகவே மாத பில்லை பாஸ் செய்வதற்கு முன், ஏஜென்சியின் லைசென்ஸ் நகல், காவலர்கள் பயிற்சி பெற்ற சான்று, அந்த மாதத்துக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலான் ஆகியவற்றைச் சங்கப் பொருளாளர் கேட்டு வாங்கலாம். செலானில் தங்கள் கேட்டில் நிற்பவரின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். பதிவு இருந்தால், பணியின்போது விபத்தில் அவர் இறக்க நேரிட்டாலும் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் மனைவி குழந்தைகளுக்கு மாதாமாதம் ஓய்வூதியமாகப் போகும். பெயர் விடுபட்டிருந்தால் அந்தக் குடும்பம் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.